7. எண்பத்து மூவாயிரத்துச் சொச்சம்

கிணற்றை யாரும் கொலை செய்வதில்லை. ஆனால் பரமலிங்கத்தார் தொலைபேசியில் கதைத்த விதத்தைக் கேட்டால், கோப்பாயில் ஒரு கிணறு கழுத்தறுபட்டுக் கிடக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். "உடைச்சுப்போட்டாள் பிள்ளை, எங்கடை நம்பரை உடைச்சுப்போட்டாள்" என்று அவர் திரும்பத் திரும்பப் புலம்பியதில், துப்பறிவாளர் லவீனா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள். அவளுடைய உதவியாளர் தியாகலிங்கம் அந்தப் பாதியையும் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

கனடா மாப்பிள்ளை உண்மையிலேயே கனடாவில்தான் இருக்கிறாரா, இருந்தால் தனியாகத்தான் இருக்கிறாரா என்று விசாரித்துச் சொல்வது லவீனாவின் அன்றாடப் பிழைப்பு. உடைந்துபோன எண்ணுக்கு விசாரணை என்பது அவளுக்கே புதுசு. தியாகலிங்கம் அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சேவைக் காலத்தில் ஒரு பயணிக்காவது மிச்சக் காசை முழுதாகக் கொடுத்தார் என்பதற்குச் சாட்சி கிடையாது. வாயும் அப்படித்தான், எதையும் மிச்சம் வைக்காது.

லவீனாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போன தியாகலிங்கம், கோப்பாய்ச் சந்தி வந்ததும் பழக்கதோசத்தில் அவளுடைய தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"தியாகண்ணை, நான் பஸ் இல்லை," என்றாள் லவீனா.

"தெரியும் பிள்ளை. பஸ் எண்டா இதுக்குள்ளை நாலு தரம் நிண்டிருக்கும்."

பரமலிங்கத்தார் கிணற்றடியில் காவல் நின்றார். எழுபதைத் தாண்டிய மனிதர். இடுப்பில் வேட்டி, வேட்டி முடிச்சில் ஒரு திறப்புக் கோர்வை. கிணற்றுக்கு வரும் பாதையின் படலையையும், தண்ணீர் இறைக்கும் மோட்டர் அறையையும் பூட்டி, இரண்டு திறப்பையும் அந்த முடிச்சில்தான் வைத்திருந்தார்.

"பாரும் பிள்ளை, இந்த அநியாயத்தை," என்றார்.

கிணற்றுக் கட்டின் மேற்புறத்தில், சீமெந்து ஈரமாக இருந்தபோது அழுத்தி எழுதிய உள்ளங்கை அளவு இலக்கங்கள் இருந்தன. எட்டு. மூன்று. பிறகு ஒரு குழி. பிறகு ஆறு. பிறகு சைபர்.

தியாகலிங்கம் குனிந்து பார்த்தார். "கிணத்தின்ரை போன் நம்பரோ ஐயா?"

"பகிடி விடாதையும். இது எங்கடை கிணத்தின்ரை மொத்தப் பங்கு."

யாழ்ப்பாணத்தில் காணியைப்போலவே கிணறும் பங்குபடும். மூன்றில் ஒன்று, அதில் ஒன்பதில் ஒன்று என்று சாவுக்குச் சாவு பின்னத்துக்கு வால் முளைத்துக்கொண்டே போகும். அறுபது வருடத்துக்கு முன், கட்டைத் திருத்திய காலத்தில், இந்தக் குடும்பத்தில் இராசநாயகம் என்று ஒரு பிறக்கிராசி, அதாவது அந்தக் காலத்து வழக்கறிஞர், இருந்தார். பின்னங்களோடு மாரடித்துக் களைத்த அந்த மனிதர், எல்லாருடைய பின்னத்துக்கும் பிரிபடக்கூடிய ஒரு பெரிய எண்ணைத் தேடிப் பிடித்து, கிணற்றை ஒரேயடியாக அத்தனை பங்காக வெட்டிவிட்டார். எண்ணையும் ஈரச் சீமெந்தில் எழுதுவித்துவிட்டார்.

"ஆருக்கும் அரைப் பங்கு, கால் பங்கு எண்டு வராது," என்றார் பரமலிங்கத்தார். "எல்லாருக்கும் முழுப் பங்கு. மிச்சம் எண்ட கதையே இல்லை. அதுதான் இராசநாயகத்தாற்றை மூளை."

"மிச்சமே இல்லாத கணக்கோ," என்றார் தியாகலிங்கம். "எங்கடை டிப்போவிலை இருந்திருந்தா மனுசன் பட்டினி கிடந்து செத்திருக்கும்."

லவீனா குழியைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "முழு நம்பர் என்ன?"

"எண்பத்து மூவாயிரத்துச் சொச்சம்."

"சொச்சம் எவ்வளவு?"

"சொச்சம் எண்டாச் சொச்சம்தான் பிள்ளை. சின்னனிலை இருந்து பாக்கிறன். தினம் பாக்கிறதை ஆர் பாடமாக்கிறது?"

படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டதற்கு, மகனுடைய கலியாணத்தன்று கிணற்றடியில் எடுத்த ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். சம்பந்தி கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்றார். எட்டும் மூன்றும் தெரிந்தன. மீதி எண் முழுவதையும் சம்பந்தியின் வயிறு மறைத்திருந்தது.

"நல்லாச் சாப்பாடு போட்டிருக்கிறியள்," என்றார் தியாகலிங்கம்.

"அப்ப இந்த நம்பருக்கு ஆர் ஆர் பங்காளியள்?" என்று லவீனா கேட்டதும் பரமலிங்கத்தாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. குலப் பெருமை சொல்லக் கேட்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"கிணத்தை வெட்டின கந்தப்பருக்கு மூண்டு பிள்ளையள். மூத்தவருக்குப் பதினொண்டு. அந்தப் பதினொண்டிலை ஒருத்தர்தான் இராசநாயகத்தார். நடுவிலாருக்கு எட்டு, அதிலை மூத்தவன் அஞ்சு பேரை விட்டிட்டுச் செத்தவன். கடைசியாருக்கு ஒன்பது. ஒன்பதிலை ஒருத்தர் என்ரை அப்பப்பா."

"ஒரு வீட்டிலை கிரிக்கெட் ரீம். மற்ற ரெண்டு வீட்டிலையும் மேலதிக வீரர்," என்று தியாகலிங்கம் முணுமுணுத்தார்.

"உங்கடை அப்பப்பாவுக்கு?"

"ஆறு ஆம்பிளையள். ஆறு பங்கு. என்ரை அப்பா அதிலை ஒருத்தர், நான் அவருக்கு ஒரே மகன்."

"பொம்பிளைப் பிள்ளை இல்லையோ?"

பரமலிங்கத்தாரின் முகம் புளித்தது. "ஒருத்தி இருந்தவள். சிவக்கொழுந்து. வடமராட்சிப் பக்கம் ஒரு தோணிக்காரனோடை போட்டாள். அப்பப்பா ஒரு செம்பு கூடக் குடுக்காமல் வெறுங்கையோடை கலைச்சவர். கடைசி வரைக்கும் ஒண்டும் குடுக்கேல்லை. எங்கடை குடும்பத்துக்கு ரோசம் எண்டா ரோசம்தான்."

பிறகு அவர் வேலிக்கு அப்பால் விரலை நீட்டினார். "அவளின்ரை வழியிலை மிஞ்சின ஒரே பூட்டப்பிள்ளைதான் உந்தப் பக்கத்துக் காணியை வாங்கி வெங்காயம் நட்டிருக்கிறாள். கோபிகா. எனக்கும் கிணத்திலை பங்கு இருக்கு, படலையைத் திற எண்டு நிக்கிறாள். சனிக்கிழமை மத்தியஸ்த சபை கூப்பிட்டிருக்கு. அங்கை வந்து கட்டைப் பாருங்கோ, ஆறு பேருக்கும் சரியாப் பிரியுது எண்டு சொல்ல இருந்தனான். அதுக்கிடையிலை உடைச்சுப்போட்டாள்."

"நீங்கள் பிரிச்சுப் பாத்தனீங்களோ?"

"என்னத்துக்குப் பிள்ளை? அது தெரிஞ்ச விசயம்தானே."

லவீனா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. கட்டைச் சுற்றியும் ஒரு சீமெந்துத் துகள் இல்லை, யாரோ பக்குவமாகக் கூட்டி அள்ளியிருந்தார்கள். குழிக்குப் பக்கத்தில் பொட்டு அளவில் ஒரு கறுப்புத் தழும்பு இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"கற்பூரம். கிணத்தடியிலை கொளுத்திறனீங்களோ?"

"பொங்கலுக்கு ஒருக்கா. இப்ப வைகாசி."

"கிணத்தை உடைச்சுப்போட்டுக் கிணத்திட்டையே மன்னிப்புக் கேட்ட கள்ளனை நான் இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்," என்றார் தியாகலிங்கம்.

வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு, அதாவது ஓட்டை, இருந்தது. லவீனா அதற்குள்ளால் குனிந்து போனாள். தியாகலிங்கத்தின் சேட்டுப் பை கிளுவை முள்ளில் கிழிந்தது. "மாப்பிள்ளை விசாரணை எண்டா முன் வாசலாலை போகலாம், பலகாரமும் தருவினம்" என்று பொருமிக்கொண்டே பின்னால் வந்தார்.

கோபிகாவுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். எங்கிருந்தோ சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த கலன் தண்ணீரைச் செம்மண் பாத்தியில் கிண்ணத்தால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். வெங்காயத் தாள்கள் நுனி மஞ்சளித்து மடியத் தொடங்கியிருந்தன. தியாகலிங்கம் குனிந்து ஒரு தாளை நிமிர்த்திப் பார்த்தார். பகிடி வரவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் தாங்காது அக்கா," என்றாள், யார் எவர் என்று கேட்காமலே. "உது காய்ஞ்சா நானும் அப்பாவும் திரும்பவும் வாடகை வீட்டுக்குத்தான்."

"நாங்கள் பரமலிங்கத்தார் கூப்பிட்டு வந்தனாங்கள்," என்றாள் லவீனா. "நம்பரை உடைச்ச ஆளைத் தேடுறம். மோசமான ஆள். துண்டு முழுக்கக் கிணத்துக்குள்ளை கொட்டிக் கிடக்கு. தண்ணி வாயிலை வைக்கேலாது."

"பொய்," என்று கோபிகா நிமிர்ந்தாள். "ஒரு துரும்பும் விழேல்லை. சாக்கு விரிச்சுப்போட்டு..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஓம், விழேல்லைத்தான்," என்றாள் லவீனா மெதுவாக. "நான்தான் பொய் சொன்னனான். ஏன் உடைச்சனீர்?"

"அவர் தினம் வேலிக்கு மேலாலை கத்துவார். கிணத்துக் கட்டிலை எழுதிக் கிடக்கு, ஆறு பேர், ஆறு பேர் எண்டு. அதைச் சபையிலை காட்டினா எனக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லை. அதுதான் பொட்டாலை போய் ஒரு இலக்கத்தை மட்டும் கொத்தி எடுத்தன்."

"முழுக்க ஏன் கொத்தேல்லை?"

"மனம் வரேல்லை. என்ரை பூட்டி, அம்மம்மாவின்ரை அம்மா, தண்ணி அள்ளின கிணறு. ஒரு இலக்கம் போனாக் கணக்குப் போயிடும் எண்டு நினைச்சன். பிறகு பயம் வந்து கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டன்."

தியாகலிங்கம் லவீனாவை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். "பிள்ளை, இந்தக் கேசை நாங்கள் கண்டுபிடிக்கேல்லை. பூனை உடைச்சது எண்டு சொல்லுவம். கனத்த பூனை."

"கேஸ் இன்னும் முடியேல்லை தியாகண்ணை. உடைச்ச ஆள் ஆப்பிட்டாச்சு. உடைஞ்ச இலக்கம் ஆப்பிடேல்லை."

"அதை உவளிட்டையே கேட்டாப் போச்சு."

"உவள் சொன்னா ஆர் நம்புவினம்?" லவீனா கோபிகாவின் பக்கம் திரும்பினாள். "நீர் வாய் திறக்காதையும். நாங்கள் வேறை சாட்சியைக் கூப்பிடுவம்."

ஒரு காய்ந்த குச்சியை எடுத்துப் பாத்தி வரம்பில் எழுதினாள். 8, 3, ஒரு வெற்றிடம், 6, 0.

"முதல் சாட்சி, ஒன்பது பிள்ளை பெத்த வீடு. அவைக்கு மிச்சம் இல்லாமல் பிரியவேணும் எண்டா, இலக்கங்களைக் கூட்டி வாறதும் ஒன்பதாலை பிரியவேணும். எட்டு, மூண்டு, ஆறு. எவ்வளவு?"

"பதினேழு," என்றார் தியாகலிங்கம்.

"பதினெட்டுக்கு எவ்வளவு காணாது?"

"ஒண்டு."

"ரெண்டாம் சாட்சி, உங்கடை கிரிக்கெட் ரீம். பதினொண்டாலை பிரியிற எண்ணிலை ஒரு இலக்கம் விட்டு ஒரு இலக்கம் கூட்டிப் பாத்தா ரெண்டு பக்கமும் சமனா வரும், இல்லாட்டிப் பதினொண்டாலை வித்தியாசப்படும். இந்தப் பக்கம் மூண்டும் ஆறும், ஒன்பது. அந்தப் பக்கம் எட்டும் சைபரும், நடுவிலை காணாமல் போனதும். ஒன்பது வரவேணும் எண்டா?"

"அதுவும் ஒண்டுதான்." தியாகலிங்கம் வரம்பையே பார்த்தார். "ரெண்டு வீடும் கதைச்சுப் பேசி வைச்ச மாதிரிச் சொல்லுதே. என்ரை பஸ்ஸிலை ரெண்டு பேர் ஒரே கதை சொன்னதில்லை."

கோபிகா வாயைப் பொத்திக்கொண்டு, கண்களை விரித்தபடி, ஓம் என்று தலையை ஆட்டினாள்.

லவீனா வெற்றிடத்தில் ஒரு கோடு கிழித்தாள். எண்பத்து மூவாயிரத்து நூற்றறுபது. அதற்குக் கீழே அவள் ஒரு சின்னக் கணக்குப் போட்டாள். பிறகு அவளுடைய உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. கனடா மாப்பிள்ளைக்குப் பிரான்சில் ஒரு குடும்பம் இருப்பதைக் கண்டுபிடித்த அன்றும் இதே சிரிப்புத்தான் வந்தது என்பது தியாகலிங்கத்துக்கு ஞாபகம் இருந்தது.

"வாரும் கோபிகா. நீரும்தான்."

அவர்கள் மூவரும் பொட்டுக்குள்ளால் வெளிப்பட்டதைக் கண்டதும் பரமலிங்கத்தார் கோர்வையை ஒரு குலுக்குக் குலுக்கினார். "பிடிச்சிட்டியள். எனக்குத் தெரியும்."

"அதுக்கு முதல் உங்கடை நம்பர் கிடைச்சிட்டுது ஐயா. எண்பத்து மூவாயிரத்து நூற்றறுபது."

"நூற்றறுபது. அதுதான், அதுதான்." கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இராசநாயகத்தாற்றை நம்பர்."

"இப்ப பிரிச்சுப் பாப்பம். தியாகண்ணை, போனை எடுங்கோ. முதல் மூண்டாலை."

"இருபத்தேழாயிரத்து எழுநூற்றி இருபது."

"அதை ஒன்பதாலை."

"மூவாயிரத்து எண்பது."

"அதுதான் உங்கடை அப்பப்பாவின்ரை பங்கு," என்றாள் லவீனா. "இப்ப ஆறு ஆம்பிளையளுக்கும் பிரிப்பம். தியாகண்ணை, ஆறாலை."

தியாகலிங்கம் அழுத்தினார். பார்த்தார். அழித்துவிட்டுத் திரும்ப அழுத்தினார்.

"ஐந்நூற்றிப் பதின்மூண்டு. அதுக்குப் பிறகு புள்ளி வைச்சு மூண்டு மூண்டா வருது பிள்ளை. நிக்கிற யோசனை இல்லைப் போலை." அவர் விரலில் ஒருமுறை கணக்குப் பார்த்தார். "ரெண்டு பங்கு மிச்சம். என்ரை வாழ்க்கையிலை மிச்சத்தைக் கண்டு பயந்தது இண்டைக்குத்தான்."

"உம்மடை போன் பழுது," என்றார் பரமலிங்கத்தார்.

"அதே போனிலை ஏழாலை பிரியுங்கோ."

"நாநூற்றி நாப்பது." தியாகலிங்கம் காத்திருந்தார். "வேறை ஒண்டும் வரேல்லை. சுத்தமா நாநூற்றி நாப்பது."

பரமலிங்கத்தார் எட்டிப் போனைத் தானே பார்த்தார்.

"மிச்சம் எண்ட கதையே இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னியள்," என்றாள் லவீனா. "இந்த எண்ணை ஏழாலை பிரியிற மாதிரி இராசநாயகத்தார் ஏன் எடுத்தவர்? மூண்டு, பதினொண்டு, எட்டு, அஞ்சு, ஒன்பது. ஒண்டிலையும் ஏழு இல்லை. உங்கடை அப்பப்பா வீட்டிலை மட்டும்தான் ஏழாவது ஆள் ஒருத்தர் இருக்க இடம் இருக்கு."

"அவளுக்கு எப்பிடிப் பங்கு வரும்? சீதனம் வாங்கிப் போன பொம்பிளைக்கு முதுசத்திலை பங்கு..."

பரமலிங்கத்தார் தானாகவே நின்றுவிட்டார். தேசவழமைச் சட்டம் தெரியாத யாழ்ப்பாணத்தார் இல்லை. சீதனத்தோடு போன மகளுக்குத்தான் தாய் தகப்பனுடைய சொத்தில் பங்கு இல்லாமல் போகும். சீதனமே வாங்காதவள் அண்ணன் தம்பிமாரோடு சரிசமமான வாரிசு. ஊர் முழுக்கத் தலைமுறை தலைமுறையாகச் செய்த பிழை இதுதான். மகள் என்றால் சீதனம் வாங்கித்தான் போயிருப்பாள் என்று கணக்கில் விட்டுவிட்டார்கள்.

"ஒரு செம்பு கூடக் குடுக்கேல்லை எண்டு சொன்னதும் நீங்கள்தான்," என்றாள் லவீனா. "உங்கடை அப்பப்பா சீதனம் எழுதிக் குடுத்து அனுப்பியிருந்தா அவவின்ரை பங்கு அண்டைக்கே போயிருக்கும். கோவத்திலை வெறுங்கையோடை விட்டார். பங்கு கிணத்தோடையே நிண்டிட்டுது. இராசநாயகத்தார் சட்டம் படிச்ச மனுசன். அவர் ஏழு எண்டுதான் எண்ணினவர்."

கோபிகா கட்டைப் பிடித்துக்கொண்டாள். தன்னை வாரிசாக்கிய சாட்சியைத்தான் தன் கையாலேயே கொத்தி எடுத்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

பரமலிங்கத்தார் கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். "நான் உங்களைக் கூப்பிட்டது உடைச்ச ஆளைப் பிடிக்க."

"பிடிச்சாச்சு ஐயா. இந்தக் கிணத்தின்ரை பங்காளி ஒருத்தர்தான் உடைச்சது. சிவக்கொழுந்துவின்ரை வழியிலை ஒற்றை வாரிசு, நாநூற்றி நாப்பது பங்கு."

"எண்பத்து மூவாயிரத்திலை நாநூற்றி நாப்பதோ?" என்று கிழவர் எகிறினார். "அது ஒரு வாளி தண்ணிக்கும் காணாது. அதை வைச்சுக்கொண்டு படலையைத் திற எண்டு கேக்கலாமோ?"

"உங்களுக்கு எத்தினை பங்கு?" என்று தியாகலிங்கம் பணிவாகக் கேட்டார்.

பரமலிங்கத்தார் வாய்க்குள் பிரித்துப் பார்த்தார். கணக்கு அவருக்கும் புரிந்துவிட்டது. ஏழு பேரில் ஒருவரின் ஒரே மகன். அதே நாநூற்று நாற்பது. அந்த நாநூற்று நாற்பதைக் கொண்டுதான் மிச்ச எண்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தையும் சேர்த்து அவர் பூட்டி வைத்திருந்தார்.

கட்டில் மிச்சமிருந்த இலக்கங்களை அவர் விரலால் ஒருமுறை தடவினார். பிறகு தியாகலிங்கத்தைப் பார்த்து, "உவள் எனக்கு என்ன முறை வேணும்?" என்றார்.

தியாகலிங்கம் விரல் மடித்தார். "உங்கடை மச்சாளின்ரை மகளின்ரை மகள். பேத்தி."

"பேத்தியோ." வேட்டி முடிச்சு அவிழ்ந்தது. திறப்பு இரண்டும் கட்டின் மேல் வந்து விழுந்தன. "பேத்தி எண்டா உடைச்சதைத் தானே பூசட்டும். சீமெந்து நான் தாறன்."

மோட்டர் இரைந்தது. குழாய் வழியாகத் தண்ணீர் வேலியைக் கடந்து செம்மண்ணுக்குள் பாயத் தொடங்கியது. கோபிகா குழியைச் சீமெந்தால் நிரப்பி, ஈரத்தில் சுட்டுவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். கிழவர் தலைமாட்டில் நின்று, "நேரா இழு, கோணுது" என்று மேற்பார்வை பார்த்தார்.

"ஒரு கோடுதானே ஐயா," என்றார் தியாகலிங்கம்.

"ஒரு கோடு எண்டு லேசாச் சொல்லாதையும். காயும் வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது." பரமலிங்கத்தார் ஈரக் கோட்டின் மேல் பறந்த ஈயை விரட்டினார். "அது சிவக்கொழுந்து மாமியின்ரை இலக்கம்."

காலை முழுக்க அவர் வாயில் 'ஒருத்தி'யாகவும் 'அவள்' ஆகவும் இருந்த மனுசி, ஆறோடு ஒன்று சேர்ந்த மத்தியானத்தில் மாமியாகிவிட்டாள்.

"காயும் வரைக்கும் நான் காவல் நிக்கிறன்," என்றார் தியாகலிங்கம். "தேத்தண்ணி ஏதும் வருமோ?"

வந்தது. கோபிகா அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். பரமலிங்கத்தார் அவளுடைய கையிலிருந்து வாங்கி, ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார்.

"சீனி காணாது, பேத்தி," என்றார்.